20 பேருக்குப் பர்கரும் குக்கீயும், தலைக்கு 200 ரூபாய்: சென்னையில் எங்கே வாங்கலாம்?

வேளச்சேரி மாடிவீடு:
சனிக்கிழமை சாயந்திரம் வேளச்சேரியில் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில் சின்ன விருந்து. 20 பேர், அதில் 14 பேர் அசைவம், 6 பேர் சைவம். ஆளுக்கு ஒரு பர்கர், இரண்டு குக்கீ. தலைக்கு 200 ரூபாயைத் தாண்டக் கூடாது. பெரிய செயின் கடையில் ஆர்டர் போடலாமா, ஏரியா பேக்கரியில் சொல்லலாமா, நாமே செய்யலாமா? மாடியில் கரன்ட் பாயின்ட் இருக்கிறது, இரண்டு பர்னர் அடுப்பும் ஏற்றிவிடலாம். குக்கீக்கு எந்தக் கடை நல்லது என்றும் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் சாப்பாட்டாளி:
செயின் கடை என்றாலே திட்டுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயம் இல்லை. குறைந்த விலையில் சைவ பர்கர் வேண்டுமென்றால் மெக்டொனால்ட்ஸ் ஆலூ டிக்கிக்கு (உருளைக்கிழங்கு வட்டம் வைத்த பர்கர்) ஈடு குறைவு. எந்தக் கிளையில் வாங்கினாலும் ஒரே அளவு, ஒரே ருசி. இந்தியாவில் அவர்கள் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டுமே வைப்பதில்லை என்பதால் சைவக்காரர்கள் பலருக்கும் தயக்கம் இருக்காது. அசைவத்துக்கு பர்கர்மேன் பாருங்கள், சென்னையிலேயே தொடங்கிய செயின்.

ஆப்பில் மட்டும் போடாதீர்கள். பல கடைகளில் ஆப் விலை ஒன்று, கடைப் பலகை விலை வேறு. அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம். கடைக்கே போனால் பலகை விலையோடு 5 சதவீத ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். 20 பர்கர் என்றால் முந்தின நாளே மேனேஜரிடம் நேரம் சொல்லிவிடுங்கள். சாயந்திரம் 7 மணிக்குக் கவுன்டரில் போய் நின்று இருபது கேட்டால், முதலில் பொரித்தது ஆறிப்போகும், கடைசியில் பொரித்தது பாதி வெந்து வரும்.

பெரம்பூர் பன்:
விலைக் கணக்கு சரி. ஆனால் பர்கர் பயணம் தாங்காது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மூடிய அட்டைப் பெட்டிக்குள் கால் மணி நேரம் இருந்தாலே பாட்டியின் (பன்னுக்கு நடுவே வைக்கும் தட்டையான கறி அல்லது உருளைக்கிழங்கு வட்டம்) சூட்டு ஆவி மேல் பன்னில் ஏறிவிடும். அடிப் பன் சாஸில் ஊறிவிடும், பொரித்த மொறுமொறுப்பு போய்விடும், லெட்யூஸ் வதங்கிவிடும். வேளச்சேரி சிக்னல்களில் நின்று வரும் 20 பெட்டிக்கும் இதே கதிதான். குக்கீக்கு அந்தப் பிரச்சினை இல்லை, நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு நாள் முன்பே வாங்கி வரலாம். அடுப்பு இருக்கும்போது பர்கரை மாடியிலேயே போடுங்கள். பணமும் மிஞ்சும், சூடாகவும் கிடைக்கும்.

பன்னை அன்றைக்கே வாங்குங்கள். பல பேக்கரிகளில் மதியத்துக்கு மேல் ஒரு ஈடு பன் வரும், எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். நாலு அங்குல அகலம், 60 முதல் 65 கிராம் எடை. நடுவில் அழுத்தி விட்டால் மெதுவாக எழும்ப வேண்டும். பள்ளமாகவே நின்றால் பழசு, அல்லது சரியாக வேகாதது. டீக்கடை இனிப்பு பன் வேண்டாம். சர்க்கரை கூடுதல் என்பதால் கல்லில் வைத்ததும் கருகும். வெள்ளிக்கிழமையே வாங்க நேர்ந்தால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி பன் வறண்டு போகும். உறைபெட்டியில் வைத்து, சனிக்கிழமை மதியம் வெளியே எடுங்கள். வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் பொன்னிறமாக வாட்டினால் சாஸ் உள்ளே இறங்காது. நேரமில்லை என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் பர்கர் சொதசொதவென்று ஆகிவிட்டது என்று புலம்புவார்கள்.

கொத்துக்கறி:
அசைவம் 14-க்குக் கோழிக்கறி அளவு தருகிறேன். ஒரு பாட்டிக்கு பச்சையாக 110 கிராம், மொத்தம் 1.54 கிலோ. நெஞ்சுக்கறி வேண்டாம், கொழுப்பே இல்லாமல் ரப்பர் போல வரும். தொடையும் காலும் சேர்ந்த லெக் பீஸ் சுமார் இரண்டரைக் கிலோ வாங்கி, எலும்பையும் தோலையும் எடுத்துக் கொத்திக் கொடுக்கச் சொன்னால் இந்த அளவு கிடைக்கும். ஒரே தடவை கொத்தினால் போதும், விழுதாக வேண்டாம். கடையில் கறியைக் கழுவித் தந்தால் தண்ணீரை நன்றாக வடித்த பிறகே கொத்த வேண்டும். ஈரம் இருந்தால் கல்லில் வறுபடாது, வேகும்.

1.54 கிலோவுக்கு உப்பு 15 கிராம், மிளகுத் தூள் 6 கிராம், பூண்டு விழுது 20 கிராம், பிரட் தூள் 100 கிராம். வெங்காயத்தை உள்ளே போடாதீர்கள். அது தண்ணீர் விட்டால் பாட்டி விரிசல் விடும். வட்டமாக அரிந்து மேலே வைத்துக்கொள்ளலாம். பாட்டியைத் தட்டுவதற்குச் சற்று முன்புதான் உப்பைக் கலக்க வேண்டும். முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிசைந்து வைத்தால் கறி இறுகி, சாசேஜ் மாதிரி ஆகிவிடும்.

பன்னை விட ஒரு சென்டிமீட்டர் அகலமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் லேசாகப் பள்ளம் அழுத்துங்கள். வேகும்போது சுருங்கி நடுவில் உப்பிவிடும், அதற்காகத்தான். பட்டர் பேப்பருக்கு நடுவே அடுக்கி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். பெரிய தோசைக்கல்லில் ஒரு ஈடுக்கு நாலுதான் போடலாம். நெருக்கினால் கல் சூடு இறங்கி நீர் கக்கும். பக்கத்துக்கு மூன்றரை முதல் நாலு நிமிடம். இரும்புக் கரண்டியால் அழுத்தாதீர்கள், சாறு போய்விடும். கோழி என்பதால் நடுவில் 74 டிகிரி வர வேண்டும், வெப்பமானி இருந்தால் குத்திப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றைப் பிளந்து, இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பர்னரிலும் கல் வைத்தால் 14-ம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

மயோனைஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை போட்டதே கிருமி பயத்தால்தான். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம் ஊர் வெக்கையில் மொட்டை மாடிக்கு அது ஆகாது. முட்டையில்லாத பாக்கெட் மயோனைஸை வாங்கி, அதையும் ஐஸ் பெட்டியிலேயே வையுங்கள்.

வேளச்சேரி மாடிவீடு:
மாடியிலேயே போடுவது என்று முடிவாகிவிட்டது. சைவம் 6-க்கு வீட்டிலேயே ஆலூ டிக்கி செய்ய முடியுமா? எண்ணெயில் உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

கொத்துக்கறி:
சூடான மசியலில் ஈரம் அதிகம், அதனால்தான் உடைகிறது. உருளைக்கிழங்கு 500 கிராமை முந்தின இரவே வேகவைத்து, தோல் உரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் துருவி, அவல் பொடி 50 கிராம், வேகவைத்த பட்டாணி ஒரு கைப்பிடி, உப்பு, சீரகத் தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்து ஆறாகத் தட்டுங்கள். தண்ணியாகக் கரைத்த மைதாவில் தோய்த்து பிரட் தூளில் புரட்டி, கால் மணி நேரம் விட்ட பிறகு பொரிக்க வேண்டும். பிரட் தூள் ஒன்றைப் போட்டால் உடனே மேலே வந்து பொரிய வேண்டும், அதுதான் சூடு. புகை வந்தால் மிஞ்சிவிட்டது. சைவத்துக்கு வாணலியும் கரண்டியும் தனியாக வையுங்கள்.

வேப்பேரி பட்டர்:
இனி குக்கீ. பளபளப்பான கடைகளில் ஒரே ஒரு சாக்லேட் குக்கீக்குக் கேட்கும் காசில், பேக்கரியில் பட்டர் பிஸ்கட் கால் கிலோவே கிடைக்கும். உங்கள் பட்ஜெட்டுக்கு அதுதான் சரி. வேப்பேரி ஸ்மித் ஃபீல்ட் பேக்கரி 1885-லிருந்து இருக்கிறது. அவ்வளவு தூரம் வர முடியாது என்றால் அடையாறு பேக்கரி உங்களுக்குப் பக்கம். எங்கே வாங்கினாலும் ஒன்றை உடைத்து முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் மணம் தெரிய வேண்டும். மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டினால் வனஸ்பதி.

சாக்லேட் குக்கீதான் வேண்டும் என்றால் பாக்கெட் பின்புறம் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். சென்னை வெயிலில் கையிலேயே கரையும் என்பதால், விலை குறைவான கடைகளுக்குக் காம்பவுண்ட் வசதி. ருசி மட்டம்தான், ஆனால் மொட்டை மாடிக்கு அது ஒரு விதத்தில் சௌகரியம் என்றும் சொல்வேன்.

வீட்டில் ஓவன் இருந்தால்: மைதா 180 கிராம், வெண்ணெய் 115, பழுப்புச் சர்க்கரை 100, வெள்ளைச் சர்க்கரை 50, முட்டை ஒன்று, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, நறுக்கிய சாக்லேட் 150. சாதாரண அமுல் வெண்ணெயில் உப்பு உண்டு, தனியாகப் போட வேண்டாம். நம் வீடுகளில் வெண்ணெய் வெளியே வைத்த கொஞ்ச நேரத்திலேயே எண்ணெயாகிவிடும். விரல் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. மாவை ஒரு மணி நேரமாவது குளிர வைக்காமல் ஓவனில் வைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தகடாகப் பரவிவிடும். 32 கிராம் உருண்டையாக இருபது வரும். தலைக்கு இரண்டு என்றால் இரட்டிப்பாக்குங்கள். 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் நிறம் மாறி நடுவில் மெத்தென்று இருக்கும்போதே எடுங்கள், தட்டில் ஆறும்போது இறுகிவிடும். முட்டை சேர்வதால் உங்கள் ஆறு பேரில் யார் முட்டை சாப்பிடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். சாப்பிடாதவர்களுக்குப் பட்டர் பிஸ்கட். அதையும் முட்டை சேர்க்காததா என்று கேட்டே வாங்குங்கள்.

நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துவிடும். மாடியில் டப்பாவைத் திறந்தே வைக்காதீர்கள், கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பட்டர் பிஸ்கட் சீக்கிரம் இளகும். நமுத்தது இருந்தால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுப்பாகும்.