பந்தயக் குதிரை சவாரிக்கு வந்த பிறகு இளைத்துக்கொண்டே போகிறது, தீனியைக் கூட்டலாமா?

சேணம்:

9 வயது தரோபிரெட் (பந்தய இனம்), காயடித்தது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்து சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடல் ஓய்ந்த பிறகு சவாரிக்குப் பழக்கப்பட்டது. விலா எலும்பை எண்ணலாம், இடுப்பெலும்பு துருத்துகிறது. அளவு நாடாவில் மார்புச் சுற்றளவு 185 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை 160 செ.மீ.

இப்போதைய தீனி: பந்தயக் குதிரைக்கான பெல்லட் (குச்சித் தீவனம்) காலை 6 மணிக்கு 3 கிலோ, மாலை 5 மணிக்கு 3 கிலோ. உலர்புல் வேளைக்கு 2 கிலோ. ஞாயிறன்று கோதுமைத் தவிடு 1 கிலோ, வெந்நீரில் குழைத்து. சைஸ் (குதிரைக்காரர்) சில நாள் சாலையோரத்துப் பச்சைப் புல்லும் ஒரு கட்டு அறுத்து வருகிறார். உப்புக் கட்டி தொங்குகிறது, ஆனால் அதிகம் நக்குவதில்லை.

வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்க வருகிறது. பெல்லட்டில் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது. லத்தி சில நாள் இளகலாக இருக்கிறது. முடியில் மினுமினுப்பு இல்லை.

கேள்விகள்: (1) பெல்லட்டை வேளைக்கு 4 கிலோவாக்கலாமா? (2) கொள்ளு வேக வைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், சரியா? (3) பூச்சி மருந்தை இரட்டை அளவில் கொடுத்துப் பார்க்கலாமா?

இன்னொன்று: 20 நிமிடம் டிராட் (மித ஓட்டம்) ஓடினால் அரை மணி நேரத்துக்கு மூச்சு வாங்குகிறது. உடம்பு மட்டும் காய்ந்தே இருக்கிறது. பிடரி மயிருக்கு அடியில் மட்டும் ஈரம்.

---

புல்லுக்கட்டு:

பெல்லட்டைக் கூட்டாதீர்கள், குறைக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும்.

முதலில் எடை. சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. உங்கள் அளவில் 185 × 185 × 160 ÷ 11,880 = சுமார் 460 கிலோ. இனி எல்லா அளவும் இதிலிருந்துதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே ஆள் நாடா பிடித்தால்தான் ஏற்ற இறக்கம் நம்பும்படி இருக்கும்.

குதிரைக்கு நார்த்தீனி உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம், உலர் எடையாக. 460 கிலோவுக்கு 6.9 கிலோ. உலர்புல்லிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும் என்பதால் தராசில் 7.7 கிலோ வர வேண்டும். நீங்கள் கொடுப்பது 4. இளைத்த குதிரைக்கு இரண்டு சதவீதம் வரை போகலாம், அதாவது தராசில் 10 கிலோ. கட்டு, கையளவு என்றெல்லாம் பார்க்காமல் தொங்கு தராசு ஒன்று வாங்கிப் புல் வலையோடு நிறுங்கள்.

அடுத்தது மாவுச்சத்து. ஒரு வேளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மூட்டையின் சீட்டைப் பாருங்கள். பந்தயப் பெல்லட்டில் 30 சதவீதம் இருப்பது சாதாரணம். அப்படியானால் 3 கிலோவில் 900 கிராம். உங்கள் குதிரையின் வரம்பு 460 கிராம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்து அமிலமாகிறது. இளகிய லத்தி அங்கிருந்து வரலாம். சூலை என்னும் வயிற்று வலிக்கும் குளம்பு அழற்சிக்கும் அதே வழிதான்.

இப்போது இரவைப் பாருங்கள். ஒரு கிலோ உலர்புல்லை மெல்லக் குதிரைக்குச் சுமார் 40 நிமிடம். மாலை 5 மணிக்கு வைக்கும் பெல்லட்டும் 2 கிலோ புல்லும் 7 மணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு காலை 6 மணி வரை 11 மணி நேரம் வாயில் ஒன்றுமில்லை. நமக்குச் சாப்பிடும்போதுதான் இரைப்பையில் அமிலம் அதிகம் சுரக்கும். குதிரைக்கு இரவு பகல் ஓயாமல் சுரக்கும், அதை முறிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் வரும். வயிற்றுவாருக்குக் கடிப்பது, பெல்லட்டை மிச்சம் வைப்பது, மங்கிய முடி மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரைப்பைப் புண். உறுதி செய்ய உள்நோக்குக் குழாய்ச் சோதனை ஒன்றுதான் வழி. இருந்தால் மருத்துவர் ஒமெப்ரசோல் எழுதுவார். வழக்கமான அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, நான்கு வாரம். காலையில் தீனிக்கு முன், வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் நன்றாக ஏறும். பலர் தீனியில் கலந்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும், அதனால் நிறுத்தும் விதத்தையும் அவரிடமே கேளுங்கள்.

மாற்றம் 14 நாளில் படிப்படியாக இப்படி:

உலர்புல் 9 கிலோ, அதில் பாதிக்கு மேல் இரவுக்கு, 3–4 செ.மீ. துளை வலையில். குதிரை மசால், அதாவது லூசர்ன், ஒன்றரை கிலோ. அதன் கால்சியம் அமிலத்தைத் தணிக்கும். சவாரிக்கு அரை மணி முன்பு அதில் ஓரிரு கைப்பிடி கொடுத்தால் ஓடும்போது அமிலம் இரைப்பையின் மேல்பகுதிக்குத் தெறிக்காது. பெல்லட் வேளைக்கு 1 கிலோ, மூன்று வேளை. சமையல் எண்ணெய் 30 மில்லியில் தொடங்கி 250 வரை. 250 மில்லி எண்ணெயில் ஏறக்குறைய முக்கால் கிலோ பெல்லட்டின் சக்தி உண்டு, மாவுச்சத்து துளியும் இல்லை. எண்ணெய் கொடுத்தால் வைட்டமின் ஈ-யும் தேவை. பச்சைப் புல் மேயாத குதிரைக்கு நாளுக்கு 1,000 அலகு என்பது பொதுவான அளவு. பெல்லட்டைச் சீட்டில் உள்ள அளவுக்குக் கீழே குறைப்பதால் தாதுச் சத்தும் குறையும், அதற்குப் பேலன்சர் (வைட்டமின், தாதுச் சத்துச் செறிந்த துணைத்தீனி) சேருங்கள்.

பூச்சி மருந்து இரட்டை அளவு: வேண்டாம். லத்தியைப் புழு முட்டை எண்ணிக்கைக்கு அனுப்புங்கள். வளர்ந்த குதிரைக்குக் கிராமுக்கு 200-க்குக் கீழே இருந்தால் பொதுவாக மருந்தே தேவைப்படாது. நாடாப்புழு அந்தச் சோதனையில் சரியாகத் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

---

ஈரக்காற்று:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இருப்பதிலேயே அவசரமான விஷயத்தை 'இன்னொன்று' என்று கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். அது வியர்வை அற்றுப்போன குதிரை போலத் தெரிகிறது. இன்றே சவாரியை நிறுத்துங்கள். ஓடிய பிறகு மூச்சு எண்ணிக்கையும் ஆசனவாய் வெப்பமும் எவ்வளவு?

---

சேணம்:

நேற்று எடுத்தது: நின்று 30 நிமிடம் கழித்து மூச்சு நிமிடத்துக்கு 64, வெப்பம் 39.6. காற்றாடியின் கீழ் நிறுத்தியிருந்தோம். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை இறுகிவிடும் என்று லாயத்தில் ஊற்ற விடுவதில்லை.

---

ஈரக்காற்று:

ஓய்வில் மூச்சு 8–16, வெப்பம் 37.5–38.5, நாடித்துடிப்பு 28–44 இருக்க வேண்டும். அரை மணிக்குப் பிறகும் 39.6 என்றால் உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாமல் தவிக்கிறது. மூச்சு வாங்குவதே வியர்வைக்குப் பதிலாகத்தான்.

குதிரையின் வியர்வைச் சுரப்பியை அட்ரினலின் தூண்டுகிறது, சுரப்பியில் அதை வாங்கிக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பி வழியாக. வெக்கை விடாமல் இருந்தால் தூண்டுதலும் விடாது, கடைசியில் ஏற்பி மரத்துப்போகிறது. குளிர்காலம் உள்ள ஊரில் சுரப்பிக்குச் சில மாதம் ஓய்வு கிடைக்கும். சிங்கப்பூரில் ஜனவரியும் ஒன்றுதான், ஜூனும் ஒன்றுதான். பிடரிக்கு அடியிலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் மட்டும் ஈரம், முகத்தில் முடி உதிர்வது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது ஆகியவை அடையாளம். மருத்துவர் கழுத்துத் தோலில் டெர்பியூட்டலினை வெவ்வேறு செறிவில் ஊசி போட்டு, அரை மணி கழித்து எந்தப் புள்ளியில் வியர்க்கிறது என்று பார்த்து உறுதி செய்வார். மூச்சிரைப்பைப் பார்த்து நுரையீரல் நோய் என்று கிளென்பியூட்டெரால் கொடுக்க நேர்ந்தால் வியர்வைச் சந்தேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த மருந்தும் அதே ஏற்பியைத்தான் பிடிக்கிறது.

குளிர்ந்த நீர் தசையை இறுக்கும் என்பது வெறும் பயம். ஊற்றுங்கள், தாராளமாக, உடம்பு முழுக்க, நிறுத்தாமல். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் நம் ஊரில் நீர் ஆவியாகிக் குளிர்விப்பது மெதுவாக நடக்கும். ஓடும் நீர்தான் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. ஊற்றிக்கொண்டே இருக்கும்வரை வழித்துவிட வேண்டியதில்லை. நிறுத்தும்போது மட்டும் தேங்கிய நீரை வழித்துக் காற்றாடி முன் நிறுத்துங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானி. 39-க்குக் கீழ் வந்தால் போதும். 41-ஐத் தொட்டால் நீரை நிறுத்தாமலேயே மருத்துவரை அழையுங்கள்.

உப்புக் கட்டியை நம்பாதீர்கள். அது மாட்டின் சொரசொரப்பான நாக்குக்கு ஏற்றது. சாதாரணச் சமையல் உப்பு 100 கிலோ எடைக்கு 10 கிராம், உங்களுக்கு 46 கிராம், அதாவது இரண்டரை மேசைக்கரண்டி, மூன்று வேளையாகப் பிரித்து ஈரத் தீனியில். தண்ணீர் எப்போதும் இரண்டு வாளி. தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் எலக்ட்ரோலைட் (தாது உப்பு) பசையைப் பிழியக் கூடாது. உடம்பின் நீரையே குடலுக்கு இழுத்துக்கொள்ளும், புண் இருந்தால் எரிச்சலும் கூடும்.

மறுபடி சவாரி எப்போது என்பதை வியர்வை திரும்புவதை வைத்து மருத்துவர் சொல்லட்டும். அப்போதும் வெளிச்சம் வருமுன், குறைந்த நேரம். சிங்கப்பூரின் வானிலைச் செயலியான மைஎன்வியில் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT, அதாவது வெக்கை அளவு) 31-க்குக் கீழ் குறைவு, 31 முதல் மிதம், 33 முதல் அதிகம் என்று காட்டும். அது மனிதருக்கானது. வியர்க்காத குதிரைக்கு 'குறைவு' என்பதும் அனுமதிச் சீட்டு இல்லை.

---

சுண்ணாம்பு:

தவிட்டையும் சாலையோரப் புல்லையும் யாரும் தொடவில்லை.

தீனியில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக, ஒன்றரைக்கு ஒன்று என்ற அளவிலாவது இருக்க வேண்டும். கோதுமைத் தவிட்டில் தலைகீழ். கிலோவுக்குப் பாஸ்பரஸ் சுமார் 11 கிராம், கால்சியம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். அரிசித் தவிடு இன்னும் மோசம். தினமும் 1 கிலோ கோதுமைத் தவிடு கொடுப்பவர் சமன் செய்யவே 40 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்க வேண்டும். கால்சியம் கார்பனேட் என்று விற்பதைத்தான் சொல்கிறேன், வெற்றிலைச் சுண்ணாம்பை அல்ல. அது வாயையும் குடலையும் வேக வைத்துவிடும்.

கினிப் புல், நேப்பியர், செட்டேரியா போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் தீனியில் இருந்தும் உடம்பில் சேராது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், அதனால் மாடு பெரும்பாலும் தப்பித்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முதலில் குட்டை நடை, கால் மாறி மாறி நொண்டல், பிறகு கன்னத்துக்கு மேலே முக எலும்பு இருபுறமும் வீங்கும். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். எலும்பைக் கரைத்தாவது இரத்தத்தின் அளவை உடம்பு காப்பாற்றும். தீனிக் கணக்கும் சிறுநீர்ச் சோதனையும்தான் உண்மையைச் சொல்லும்.

---

சேணம்:

வாரம் ஒருநாள் தவிடு, அதுவும் ஒரு கிலோ. அவ்வளவு கெடுதலா? வயிற்றைச் சுத்தம் செய்யும் என்றுதானே கொடுக்கிறார்கள்?

---

சுண்ணாம்பு:

எலும்புக்கு வாரம் ஒருநாள் பெரிய ஆபத்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குடலுக்குத்தான் கெடுதல். பெருங்குடலின் நுண்ணுயிர்கள் பழகிய தீனிக்கே வேலை செய்யும். ஆறு நாள் இல்லாததை ஏழாம் நாள் ஒரு கிலோ கொட்டினால் மறுநாள் லத்தி இளகும். அதைப் பார்த்துச் 'சுத்தமாகிவிட்டது' என்கிறார்கள். உங்கள் குறிப்பில் இளகிய லத்தி திங்கட்கிழமைகளில் விழுகிறதா என்று பாருங்கள்.

---

புல்லுக்கட்டு:

கொள்ளுக் கேள்வி விட்டுப்போயிற்று. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் ஆட்களே சொல்லிவிட்டார்கள். உங்களுடையது இளைத்த குதிரை! பழமொழி இருக்கட்டும், கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். பச்சையாகக் கொடுத்தால் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, அதனால்தான் ஊறவைத்து வேக வைப்பது. குதிரை மசால் கொடுக்கும்போது அந்தப் புரதம் தேவையில்லை. மிஞ்சிய புரதம் செரிக்கும்போது உடம்புச் சூட்டைக் கூட்டும், சிறுநீரில் அம்மோனியா நாற்றமும் ஏறும். வியர்க்காத குதிரைக்கு இது வேண்டாத சுமை.

எடை ஏற இன்னும் தேவைப்பட்டால் சர்க்கரை சேர்க்காத பீட் சக்கை அரை கிலோ. நான்கு பங்கு நீரில் ஊற வேண்டும். சீட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தால் அது குளிர்ந்த நாட்டுக் கணக்கு. இங்கே வெளியே இரவு முழுக்க வைத்தால் காலையில் புளித்திருக்கும். குளிர்பெட்டியில் ஊறவையுங்கள், இல்லையென்றால் வெந்நீரில் இரண்டு மணி நேரத்தில் ஊறும் ரகத்தை வாங்குங்கள்.

---

லாடக்கண்:

ஒரு சின்னச் சேர்க்கை. தினமும் இப்படி நீர் ஊற்றத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் வேறு தொல்லை வரும். முதுகிலும் பின்பக்கத்திலும் முடி தூரிகை போல் கொத்தாகச் சேர்ந்து, பொருக்கோடு பெயர்ந்து வரும். மழைக்கொப்புளம் என்பது அதுதான். சீப்பும் துணியும் மற்றக் குதிரைக்குப் போகக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கழுவலை 10 நிமிடம் ஊறவிட்டு அலசி, முழுதாகக் காய விடுங்கள்.

குளம்பைத் தினமும் சுரண்டும்போது அடியில் முக்கோணமாக உள்ள மெத்தைப் பகுதியின் நடுப்பள்ளத்தைப் பாருங்கள். கருப்புக் கசிவும் அழுகல் நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. பள்ளத்தில் பஞ்சை நுழைத்துத் துடைத்து, போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து மறுநாள் மாற்றுங்கள். நீர் ஊற்றும் இடமும் நிற்கும் இடமும் ஒன்றாக இருந்தால் எந்த மருந்தும் நிற்காது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றுக் குளம்பைக் கையுறையோடு தொடுங்கள். மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி நம் ஊர் மண்ணிலேயே இருக்கிறது, குதிரையை மட்டுமல்ல, ஆளையும் பிடிக்கும்.