ஊருக்கு ஒரு பழைய பஞ்சாங்கம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தஞ்சை, வெண்ணாற்றுப் பாசனப் பகுதி. வயது 69.

பழைய பஞ்சாங்கம் என்பது என் பேரன் எனக்கு வைத்திருக்கும் பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை. பஞ்சாங்கத்தில் கணக்குப் பிசகினால் அடுத்த கிரகணம் காட்டிக்கொடுத்துவிடும். ஊராட்சிக் கணக்குக்கு அந்தச் சங்கடம் கிடையாது.

என் அப்பா கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. வாக்களித்தது நட்சத்திரச் சின்னத்துக்கு. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியை இன்றைக்கு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 1967இல் தி.மு.க. கூட்டணியில் 20 இடங்களைப் பிடித்த கட்சி அது, அடுத்த பத்தாண்டுக்குள் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எனக்கு இப்போது கட்சி எதுவும் இல்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கணக்குக் காட்டாதவனைப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது என்பதைக் கொள்கை என்று சொன்னால், அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். உத்திரமேரூர்க் கல்வெட்டு இதைவிடக் கடுமை. பராந்தக சோழன் காலத்தில், 921 வாக்கில் வெட்டியது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினர்களின் பெயரும் குடவோலையில் ஏறக் கூடாது என்கிறது. இன்றைக்கு அந்த விதியை வைத்தால் எத்தனை ஊரில் பானை காலியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஆகஸ்ட் 15 கிராம சபை. நூலகக் கட்டடத்தின் வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஜமுக்காளத்தில் பெண்கள், எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள். தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவர் ஒரு நாற்காலியில், அவருடைய கணவர் அதைவிட வசதியான நாற்காலியில். எங்கள் ஊர் மக்கள்தொகைக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய ஆட்கள், 100. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்து வந்து உட்காரவைத்ததால் அது ஒருவழியாக நிறைந்தது. செயலர் கூட்டப் பொருளைப் படித்த வேகத்தில் எனக்குக் காதில் விழுந்தவை ‘குடிநீர்’, ‘பிளாஸ்டிக்’, ‘டெங்கு’ என்ற மூன்றே சொற்கள்.

பிறகு தீர்மானப் புத்தகம் சுற்றுக்கு வந்தது. நீல அட்டை போட்ட நீளமான பதிவேடு. கைநாட்டு வைப்பவர்களுக்காக ஊதா மைப் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. என் கைக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பது தீர்மானங்கள். ஒன்பதாவதுக்குக் கீழே அரைப் பக்கம் வெற்றிடம். கையெழுத்து அதற்கடுத்த பக்கத்தில்.

“இந்த இடம் எதற்கு?” என்று கேட்டேன்.

“வழக்கம்தான் அய்யா” என்றார் செயலர்.

வழக்கம் என்ற சொல்லை என்னிடமே எடுத்து நீட்டுகிறார்! அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் வேறு. கடைசி வரிக்குக் கீழே இடம் விடாதே, விட்டால் ராத்திரியில் எவனாவது அதில் குடியேறிவிடுவான் என்பார். சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தேன். அந்த அரைப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். கை நடுங்கியதில் நடுவில் ஒரு சொட்டு மை விழுந்து பரவியது. கோட்டின் நுனியிலேயே கையெழுத்தும் போட்டேன்.

தலைவரின் கணவர் எழுந்துவிட்டார். அரசாங்க ஆவணத்தைக் கெடுத்துவிட்டேனாம், வழக்குப் போடுவார்களாம். ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பற்றாளர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். என் சொந்தக்காரர்களே “பெரியவருக்கு வேறு வேலை இல்லை” என்று காதுபடச் சொன்னார்கள். தலைவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மை காயும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அப்புறம் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் என்னைப் போல ஒருவர் இருப்பார். அவரிடம் நீங்கள் பட்டது என்ன?

திண்டுக்கல் மாவட்டம். முன்னாள் வார்டு உறுப்பினர்.

எங்கள் தெருவின் பழைய பஞ்சாங்கம் என் மாமனாரின் அண்ணன். 2019 டிசம்பரில் நான் வார்டுக்கு நின்றபோது, “வீட்டில் ஆண்பிள்ளைக்குப் பஞ்சமா?” என்று கேட்டவர். ஆனால் வாக்குச் சாவடிக்கு முதல் ஆளாகப் போனவரும் அவர்தான். வெள்ளைச் சீட்டு வார்டுக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு என்று தெருக் கிழவிகளுக்கெல்லாம் பாடம் எடுத்தார். வெள்ளையில் யாருக்குக் குத்தச் சொன்னார் என்பதை இன்றுவரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் அவர் மருமகள்களிடம் நேராகப் பேசுகிற பழக்கம் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்து, “ஏழு நாளாக இருட்டாகக் கிடக்கிறது. வார்டு உறுப்பினர் காதில் யாராவது போட்டால் தேவலை” என்பார். நான் அடுப்படியிலிருந்து, “திங்கட்கிழமை பல்பு வருகிறதாம் என்று பெரிய மாமாவிடம் யாராவது சொன்னால் தேவலை” என்பேன். ஐந்து வருடம் அந்தச் சுவர்தான் எங்களிடம் மனு வாங்கிக்கொண்டிருந்தது. பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் வந்தார். விளக்கு மறுபடி அணைந்தது. இப்போது பெரிய மாமா சுவரைப் பார்த்து, “இருந்தவரைக்கும் எரிந்தது” என்கிறார். எனக்கு அது போதும்.

மதுரைப் பக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியர்.

தஞ்சைப் பெரியவருக்கு வணக்கம். உங்கள் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது. கல்வெட்டுத்தான் உறுத்துகிறது. பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். அதே கல்லில், கால் வேலி வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும் என்றும் வெட்டியிருக்கிறது. அது சதுர்வேதிமங்கலத்துச் சபை, பிராமணர்களின் சபை. என் முப்பாட்டன் எவ்வளவு ஒழுங்காகக் கணக்குக் காட்டியிருந்தாலும் அவர் பெயர் எழுதிய ஓலை அந்தப் பானைக்குள் விழுந்திருக்காது.

எங்கள் மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் 2006 வரை அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனு இருக்காது, இருந்தாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா வந்துவிடும். மேலவளவில் 1997இல் பட்டியலினத் தலைவரை வெட்டிக் கொன்றதை நான் விரித்து எழுத வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் வேறொரு ஊரில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தேர்தல் வேலைக்குப் போன எங்களைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, தயிர் சோறும் மாவடுவும் கொடுத்து, விசிறிவிட ஆள் வைத்து, “சார், ஊர்க் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் சிரமப்படாமல் போய்வாருங்கள்” என்றார். அத்தனை மரியாதையோடு ஒரு சட்டத்தை மறுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாவடு நன்றாகவே இருந்தது. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. மரியாதை, வழக்கம், பெரியவர் என்ற சொற்களை யாராவது சொன்னால் எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வந்துவிடுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை.

திருவள்ளூர் மாவட்டம். இல்லத்தரசி.

கனமான விஷயங்களுக்கு நடுவில் என் மாமியாரைக் கொஞ்சம் நுழைத்துக்கொள்கிறேன். இலவசம் என்றாலே அவருக்கு ஆகாது. 2006இல் வந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை, “கடன்காரன் வீட்டுச் சாமான்” என்று சொல்லி ஒரு வருடம் பிரிக்கவே விடவில்லை. 2021இல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தபோது, சொகுசு பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். முழங்கால் வலி வந்ததும் கொள்கை சற்றே வளைந்தது. இப்போது சாதாரண பஸ்ஸில்தான் போகிறார். வீட்டுக்கு வந்ததும் போக வர என்ன ஆகியிருக்குமோ அந்தக் காசை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறார். “நம் காசு இல்லை, கேட்டால் கொடுக்க வேண்டும்” என்பது கணக்கு. யார் வந்து கேட்பார்கள் அத்தை என்றால், முறைப்பார். பாட்டில் நிறைந்தபோது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கைகழுவும் இடத்தில் இரண்டு குழாய் வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது பாட்டில் பாதி வந்திருக்கிறது.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் வாங்குகிறார். அதற்குப் பாட்டில் இல்லை. கேட்டால், “அது உரிமை என்று பெயரிலேயே இருக்கிறதே” என்கிறார்.

ஈரோடு மாவட்டம். விசைத்தறி.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2017இல் கடைகள் எல்லாம் ஊருக்குள் இடம் தேடி வந்தன அல்லவா, அப்போது நடந்தது. எங்கள் ஊர்ப் பஜனை மடத்துப் பெரியவர், செங்கொடிக்காரர்களைப் பார்த்தால் தெருவை மாற்றி நடப்பவர். கடை வரப்போவது மாரியம்மன் கோயில் போகும் பாதையில் என்று தெரிந்ததும் அவர்கள் போட்ட பந்தலில் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்கிற மனிதர், பதினோரு நாள் இரவு பத்து மணிவரை பெண்களோடு பெண்களாகச் சாலையில் இருந்தார். மைக்கைக் கொடுத்தால் 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்ததில் ஆரம்பிப்பார். மதுவிலக்கைத் தளர்த்திய 1971க்கு வருவதற்குள் பந்தலில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

கடை வரவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர் எல்லையில் திறந்தார்கள். அந்த ஊரிலும் ஒரு பெரியவர் உண்டு, இவருக்குச் சம்பந்தி முறை. இரண்டு பேருக்கும் இன்றுவரை பேச்சு இல்லை.

மறுபடியும் தஞ்சை.

ஆசிரியர் அய்யா, கல்லில் பாதியைப் படித்தேன் என்பது உண்மை. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பதற்கு முன். 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரைக் கிராம அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு 24 வயது. அடங்கல், சிட்டா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்து அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவரோடு சேர்ந்து நானும் பொருமினேன். ஆனால் அந்த அடங்கலில் உழுதவன் பெயர் ஏறாத வயல்கள் இருந்தன. குத்தகைப் பதிவுக்கு 1969இலேயே சட்டம் வந்தும் ஏறவில்லை. கோடு நேராகத்தான் இருந்தது, எந்தப் பெயரோடு நிறுத்திக் கோடு போடுவது என்பது அப்பா கையில் இருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை நான் இதைக் கேட்டதில்லை.

சரி, அப்புறம் நடந்தது. ஆகஸ்ட் கூட்டம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கணவர் கூட வரவில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொன்னது என் மனைவி. நான் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள் என்றுதான் எழுத ஆசை. நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதே சரி.

தலைவர் உட்கார்ந்து, “அய்யா, அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?” என்றார். சொன்னேன். ரொக்கப் புத்தகத்தில் எங்கே பார்க்க வேண்டும், ரசீது எண் விட்டுப்போனால் எப்படித் தெரியும், காசோலையில் தொகையை எழுத்தால் எழுதிய பிறகு ஏன் ‘மட்டும்’ போட வேண்டும் என்றெல்லாம் கேட்டார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஒன்றரை மணி நேரம் இருந்தார். போகும்போது மீதிக் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவப் போனார். என் மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு என்னிடம் ஒரு மனு இருந்தது. எங்கள் வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. மழைக்கு முன் நூறு நாள் ஆட்களை அதில் இறக்க வேண்டும், சாலையோரம் புல் செதுக்கியது போதும் என்று தீர்மானம் கேட்டு அழகாக எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கென்று பஸ் வரவில்லை. மன்னார்குடியிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது பெண்கள் ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, ஒரு தீர்மானம் சேர்ப்பதற்கு என்ன என்று நேராகத் தலைவரிடம் போனேன். இந்த முறை வசதியான நாற்காலியில் அவர் இருந்தார்.

பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பதினோராவது தீர்மானம். அதற்குக் கீழே மீதிப் பக்கம் முழுவதும் மூலைக்கு மூலை நீலப் பந்துமுனைப் பேனாக் கோடு. அடிக்குச்சி வைத்து இழுத்திருந்தார், என்னுடையதைவிட நேராக இருந்தது.

“கோடு போட்டாயிற்று அய்யா. நவம்பர் 1ஆம் தேதி வாருங்கள்” என்றார்.

செயலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. மனுவை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். நவம்பர் 1 அன்று காலை எட்டரைக்கே போய்விட்டேன். ஷாமியானாக்காரர் அப்போதுதான் முதல் கம்பை நட்டுக்கொண்டிருந்தார்.