ஹாட் ஸ்பேர்: சேம வட்டா, உதிரி வட்டா?

கையேடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. திங்கள் இரவுக்குள் ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக் கொடுத்தாக வேண்டும். வீட்டிலேயே பெரிய சேமிப்பு வழங்கி கட்டிக்கொள்கிறவர்களுக்கானது. ரேக்கில் (கருவிகளை அடுக்கி மாட்டும் சட்டத்தில்) மாட்டும் 4 யூ உயரப் பெட்டி; யூ என்பது ரேக்கின் உயர அளவு. முன்பக்கம் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு வட்டு. வட்டைச் செருகும் இடமான 'டிரைவ் பே' என்பதற்கு 'மாடம்' என்று வைத்துவிட்டேன், விளக்கு மாடம் மாதிரி. அதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எல்லா அத்தியாயத்திலும் புகுந்துவிட்டது.

நான் முட்டிக்கொண்டு நிற்பது ஒரே வாக்கியத்தில்: "24 மாடங்களையும் எட்டெட்டு வட்டாக மூன்று குழுக்களாக்கவும்; குழுவுக்கு இரண்டு வட்டளவு பாரிட்டி; கூடவே எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரு ஹாட் ஸ்பேர்." பாரிட்டி என்பது ஒரு வட்டு போனால் அதன் தரவை மீட்க உதவும் கூடுதல் தரவு. ஹாட் ஸ்பேர் என்பது பெட்டிக்குள்ளேயே காத்திருக்கும் மாற்று வட்டு. இந்த ஹாட் ஸ்பேருக்கு முதல் வரைவில் 'காப்பு வட்டு' என்று போட்டேன். படித்துப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. என்ன சொல்லலாம்?

வன்பொருள் எழுதியது:

உறுத்தத்தான் வேண்டும். 'காப்பு' என்றால் படிப்பவர் பேக்கப் என்று எடுத்துக்கொள்வார். ரெய்டு (பல வட்டுகளை ஒரே குழுவாகச் சேர்ப்பது) வேறு, பேக்கப் (தனியே எடுத்து வைக்கும் நகல்) வேறு என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் தொண்டை வறண்டுவிட்டது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் எட்டு வட்டிலும் சேர்ந்தே அழியும். பெட்டிக்குள் மின்சாரம் எக்குத்தப்பாகப் பாய்ந்தால் 24-உம் சேர்ந்தே போகும். ஹாட் ஸ்பேர் இது எதிலிருந்தும் காப்பாற்றாது. அது செய்வது ஒன்றுதான்: ஒரு வட்டு செத்ததும், ஆள் வரும்வரை காத்திராமல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 'காப்பு நகல்' என்பதை பேக்கப்புக்கு மட்டும் விட்டுவிடு தம்பி. அந்தச் சொல்லை வேறெங்கும் தொடாதே.

ஓரத்து இருக்கை எழுதியது:

ஸ்டெப்னி வட்டு. எல்லாருக்கும் புரியும். விவாதம் முடிந்தது.

வகுப்பறை எழுதியது:

முடியவில்லை ஐயா. ஸ்டெப்னிக்குப் பேச்சு வழக்கில் இருக்கும் இன்னொரு பொருளை நான் மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். வேண்டாம்.

'உதிரி வட்டு' போதுமே? உதிரி பாகம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பழஞ்சுவடி எழுதியது:

அன்புடையீர், ஸ்டெப்னியைக் கேலியாகச் சொன்னாலும் அதற்கும் ஒரு கதை உண்டு. வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்தார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகிவந்தது. அங்கேயே வழக்கொழிந்துபோன சொல் நம் வாயில் நிலைத்துவிட்டது. இடவாகு பெயருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆனால் ஸ்டெப்னிக்கு முன்பே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. புறநானூறு 102, ஔவையார் பொகுட்டெழினி என்ற தலைவனைப் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமென்று யார் கண்டார்? அதனால் உப்பு வணிகரான உமணர் இன்னொரு அச்சையும் கட்டி எடுத்துப் போகிறார்கள். "கீழ்மரத்து யாத்த சேம அச்சு." அச்சு முறிந்தால் இதைப் பூட்டுவார்கள். எழினி அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறாள் கிழவி.

வீட்டில் போட்டுவிட்டு வந்த அச்சு இல்லை ஐயா அது. வண்டியின் அடியிலேயே கட்டப்பட்டு, வண்டியோடு கூடவே போகும் அச்சு. பெட்டிக்குள்ளேயே மாட்டப்பட்டு வேலையில்லாமல் காத்திருக்கும் வட்டுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? சேம வட்டு. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

கையேடு எழுதியது:

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். போட்டுவிட்டேன்.

வேர்ச்சொல் எழுதியது:

அவசரப்பட வேண்டாம். சேமம் என்பது வடமொழி க்ஷேமம். புறநானூற்றில் இருப்பதாலேயே ஒரு சொல் தமிழாகிவிடாது. நம்மிடம் 'ஏமம்' இருக்கிறது. குறள் 306: "இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்." ஏமம் என்றால் காவல், பாதுகாப்பு. எனவே ஏம வட்டு.

ஓரத்து இருக்கை எழுதியது:

ஏமவட்டு. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், வட்டு வாங்கி ஏமாந்தவர் என்று கேட்கிறது.

பழஞ்சுவடி எழுதியது:

வேர்ச்சொல்லாருக்கு: வடசொல்லைத் தொல்காப்பியரே செய்யுட்குரிய நால்வகைச் சொல்லில் ஒன்றாக வைத்திருக்கிறார். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வந்தால் ஏற்கலாம் என்பது எச்சவியல். சேமத்தில் எந்த வடவெழுத்து இருக்கிறது? தவிர, சேமத்தை விரட்டினால் 'சேமி' என்பதும் அதன் பின்னாலேயே போய்விடும். அப்புறம் சேமிப்பு எங்கே? கையேட்டின் அட்டையிலேயே 'சேமிப்பு வழங்கி' என்றல்லவா இருக்கிறது!

வேர்ச்சொல் எழுதியது:

அட்டையையும் மாற்றலாம். 'வைப்பு வழங்கி'.

அதோடு, சேமமே ஏமத்திலிருந்து வந்ததாகவும் கொள்ள இடமுண்டு. இறகு – சிறகு, இப்பி – சிப்பி. சகரம் முன்னே ஏறி வரும் இயல்பு தமிழுக்கு உண்டு. மூலம் ஏமம் என்றால் மூலத்தையே ஆளலாமே.

வகுப்பறை எழுதியது:

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். சேமம் ஏமத்திலிருந்து வந்தது என்றால் அது தமிழ்ச் சொல் ஆகிவிட்டது, உங்கள் மறுப்புக்கு வேலையில்லை. இல்லை, சகரம் ஏறவில்லை, இறங்கியது என்று வைத்தால் (சமணர் – அமணர் போல) க்ஷேமம், சேமம், ஏமம் என்று உங்கள் ஏமமே வடசொல் ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் உங்களுக்கு இடிக்கிறதே?

வேர்ச்சொல் எழுதியது:

சமணர் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தாது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

வன்பொருள் எழுதியது:

நீங்கள் ஏற்றி இறக்கிக்கொண்டிருங்கள். எனக்கு வேறொரு கேள்வி. ஔவையார் சொன்ன அச்சை மாற்ற வண்டியை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? பாரத்தை இறக்கி, மாட்டை அவிழ்த்து. ஹாட் ஸ்பேரில் வண்டி நிற்கவே நிற்காது, அதுதான் அந்த 'ஹாட்'. மென்பொருள் தானாகவே பழைய வட்டை ஒதுக்கி, புதியதில் தரவை நிரப்பத் தொடங்கிவிடும். சேம அச்சு பாதி ஹாட் ஸ்பேர், பாதி அலமாரி ஸ்பேர்.

கையேட்டில் ஹாட்-ஸ்வாப் என்றும் வரும், கவனி. அங்கே ஹாட் என்றால் மின்சாரம் ஓடும்போதே கையால் உருவி இன்னொன்றைச் செருகலாம் என்று பொருள். ஸ்பேரில் ஹாட் என்றால் மின்சாரம் ஏறிய நிலையில் தயாராக நிற்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் ஒரே சொல். நாம் இரண்டாகச் சொன்னால் குற்றமில்லை, நல்லதுதான்.

ஓரத்து இருக்கை எழுதியது:

ஹாட்-ஸ்வாப்: சூட்டுமாற்று. யாராவது நிஜமாகவே கைச்சூடு தாங்கும் உறை வாங்கப் போகிறார்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

'இயங்குமாற்று' என்றால்? வினைத்தொகை. இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் என முக்காலமும் உள்ளே கரந்திருக்கும். ஒற்றும் மிகாது, அழகாக நிற்கும்.

வேர்ச்சொல் எழுதியது:

வருமொழி முதல் மகரம். அங்கே வல்லினம் மிகுமா மிகாதா என்ற கேள்வியே எழவில்லை.

கையேடு எழுதியது:

ஐயன்மீர், ஹாட்-ஸ்வாப்பை 'நிறுத்தாமல் மாற்றக்கூடிய' என்று பெயரெச்சமாகவே எழுதிவிட்டேன். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சொல் வேண்டாம் என்று தோன்றியது. இன்னும் பாரிட்டி பாக்கி.

வகுப்பறை எழுதியது:

பாரிட்டிக்கு 'சமநிலை' வேண்டாம். நான் வகுப்பில் பட்டது சொல்கிறேன். சமநிலை என்றதும் மாணவர்கள் தராசைக் கற்பனை செய்கிறார்கள், பிறகு எது எதற்குச் சமம் என்று கேட்கிறார்கள். நான் பலகையில் 5, 6 என்று இரண்டு எண்களை இரும எண்ணாக எழுதுவேன்: 101, 110. மேலும் கீழும் ஒன்றாயிருந்தால் 0, வேறாயிருந்தால் 1. கிடைப்பது 011, அதாவது 3. இப்போது 5-ஐ அழித்துவிட்டு, 6-க்கும் 3-க்கும் அதே கணக்கைப் போடச் சொல்வேன். 5 திரும்பி வரும். அந்த நிமிடம் வகுப்பில் ஒரு 'ஆ' கேட்கும். இதைப் பார்த்தவருக்குப் பொருத்தமான சொல் 'ஈடு'. போனதற்கு ஈடு கட்டுகிறது.

வன்பொருள் எழுதியது:

டீச்சர் சொன்னதை ஆமோதிக்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். குழுவுக்கு இரண்டு ஈடு வரும்போது இரண்டாவது ஈட்டுக்கு இந்தக் கணக்கு போதாது, வேறு இயற்கணிதம் வேண்டும். கையேட்டில் அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் 'ஈட்டு வட்டு' என்று எழுதிவிடாதே தம்பி. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ஈட்டுக்கென்று தனி வட்டு கிடையாது, எல்லா வட்டிலும் கலந்து கிடக்கும். 'இரண்டு வட்டளவு ஈடு' என்பதே சரி. எட்டில் ஆறு வட்டளவு உனக்கு, இரண்டு வட்டளவு ஈட்டுக்கு. மூன்று குழுவுக்கும் சேர்த்து 18 வட்டளவு இடம்.

பழஞ்சுவடி எழுதியது:

ஈடு என்றதும் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை அருளிய ஈட்டு முப்பத்தாறாயிரப்படி நினைவுக்கு வருகிறது. அங்கே 'ஈடு' என்பதற்கு ஏன் அந்தப் பெயர் என்பதே ஒரு தனி விவாதம்…

கையேடு எழுதியது:

ஐயா, திங்கள் இரவு.

வன்பொருள் எழுதியது:

நானும் கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள். ஸ்பேர் எதற்கு என்று கையேடு சொல்கிறதா? 20 டெராபைட் வட்டு நிறைந்திருக்கிறது, வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் புதியதை நிரப்புகிறோம் என்று வை. ஒரு லட்சம் வினாடி, கிட்டத்தட்ட 28 மணி நேரம். இது தங்குதடையில்லாமல் ஓடினால். நடைமுறையில் இன்னும் நீளும். அத்தனை நேரமும் அந்தக் குழு ஒரு வட்டளவு ஈடு குறைந்தே நிற்கும். நீ ஊரில் இல்லாமல் வட்டை மாற்ற மூன்று நாள் ஆனால் அதையும் கூட்டிக்கொள். ஸ்பேர் அந்த மூன்று நாளைத்தான் மிச்சப்படுத்துகிறது, 28 மணியை அல்ல.

இன்னொன்று. மின்வழங்கி பற்றிய அத்தியாயத்தைச் சரிபார். வட்டு சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட் தடத்தில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். 24 வட்டும் ஒன்றாகக் கிளம்பினால் 48 ஆம்பியர், 576 வாட். ஓட ஆரம்பித்த பிறகு மொத்தமும் 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். அந்த முதல் சில நொடிக்காகத்தான் பெரிய மின்வழங்கி, அல்லது வட்டுகளை ஒவ்வொன்றாக எழுப்பும் ஏற்பாடு. 'ஸ்டாக்கர்டு ஸ்பின்-அப்' என்று வரும். அதற்குச் சொல் கேட்டு இன்னொரு இழை ஆரம்பிக்காதே.

ஓரத்து இருக்கை எழுதியது:

திருப்பள்ளியெழுச்சி. ஒவ்வொருவராக எழுப்புவது.

வேர்ச்சொல் எழுதியது:

இத்தனைக்கும் நடுவில் 'ரேக்' என்று எல்லாரும் கூசாமல் எழுதுகிறீர்கள். சரக்கு ரயிலுக்கும் ரேக், இதற்கும் ரேக். 'நிலை' என்று சொல்லலாம். கதவு நிலையைப் பாருங்கள்: இரண்டு செங்குத்து மரங்கள், நடுவில் வெளி. ரேக்கும் இரண்டு செங்குத்துக் கம்பங்கள்தானே.

வன்பொருள் எழுதியது:

அகலம் 19 அங்குலம், ஒரு யூ 44.45 மில்லிமீட்டர், 4 யூ என்றால் 177.8. இந்த அளவுகள் 'ரேக்' என்ற சொல்லோடுதான் பிறந்திருக்கின்றன. 'நிலை' என்று கேட்டு வாங்கப் போகிறவருக்குக் கதவுதான் கிடைக்கும்.

வகுப்பறை எழுதியது:

தலைப்புக்கு வருகிறேன். எனக்குச் சேம வட்டில் வருத்தம் ஒன்றுதான். சேமநிதி என்று கேள்விப்பட்டவர்கள் 'சேமம்' என்றால் சேர்த்துவைப்பது என்று எண்ணுவார்கள். தரவு சேர்த்துவைக்கும் வட்டு என்று படிப்பார்கள். ஆனால் உதிரியை நானே திரும்பப் பெறுகிறேன். உதிரி என்றால் உதிர்ந்து தனியாய்க் கிடப்பது, உதிரிப்பூ மாதிரி. பெட்டிக்குள் செருகி நிற்பதை உதிரி என்பது பொருந்தவில்லை. அலமாரியில் கிடப்பது உதிரி வட்டு, மாடத்தில் காத்திருப்பது சேம வட்டு. இப்படி இரண்டையும் சேர்த்தே அறிமுகம் செய்தால் புரியும்.

கையேடு எழுதியது:

அப்படியே செய்கிறேன். முதல் இடத்தில் 'சேம வட்டு (ஹாட் ஸ்பேர்)', பிறகு சேம வட்டு மட்டும். வேர்ச்சொல் ஐயாவின் மறுப்பை மதிக்கிறேன், ஆனால் நேரமில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

நேரமில்லை என்பதற்காகச் சொல் தமிழாகாது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

வகுப்பறை எழுதியது:

இன்று வகுப்பில் இந்த வாக்கியத்தைப் படமாக வரைந்து காட்டினேன். ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம். எட்டெட்டாக மூன்று வண்ணம் தீட்டினேன். பிறகு சேம வட்டு என்று சொல்லிக்கொண்டே சாக்பீஸோடு திரும்பினால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்கிறாள்: "அதை எங்கே மிஸ் செருகுவது?"

மூவெட்டு இருபத்துநான்கு. மாடம் காலியில்லை.

வன்பொருள் எழுதியது:

அட! இத்தனை நாளும் அந்த வாக்கியத்தை நானும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். குழுவை ஏழேழாகக் குறைத்தால் மூன்று மாடம் மிஞ்சும். பதினொன்று பதினொன்றாக இரண்டு குழு போட்டால் இரண்டு மிஞ்சும். மூல ஆசிரியரிடம் கேள்.

கையேடு எழுதியது:

கேட்டேன். உடனே பதில் வந்துவிட்டது: "தவறுதான். மூன்று குழுவும் அப்படியே இருக்கட்டும். ஹாட் ஸ்பேரை எடுத்துவிட்டு, அலமாரியில் இரண்டு வட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்."

ஆக, கையேட்டில் இப்போது இருப்பது 'உதிரி வட்டு'. அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

பழஞ்சுவடி எழுதியது:

அடுத்த பதிப்பில் பெட்டி பெரிதானால் சொல்லுங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

ஏம வட்டு.