‘சர்சார்ஜ்’ என்பதற்கு ‘மதிப்பு மேலச்சு’ எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போன 1923ஆம் ஆண்டின் ஜெர்மானிய அஞ்சல்தலைகளைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் ‘சர்சார்ஜ்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிடுகிறேன். அகராதிகள் தரும் ‘மேல்வரி’, ‘கூடுதல் கட்டணம்’ ஆகியவை வரிக்கும் மின்கட்டணத்துக்கும் பொருந்துமே தவிர, அச்சிட்டு முடித்த தலையின்மீது மீண்டும் மையேற்றிப் புதிய மதிப்பைப் பொறிப்பதற்குப் பொருந்தமாட்டா. 5 ஃபெனிக் தலை ஒன்றின்மேல் ‘800 டௌசண்ட்’, அதாவது 8 லட்சம் மார்க் என்று பொறித்திருக்கிறார்கள். 100 ஃபெனிக் ஒரு மார்க் என்பதால், அதே சிறு தாளின் மதிப்பு ஒரே அச்சில் 1 கோடியே 60 லட்சம் மடங்காகிவிட்டது.

அச்சிட்ட தலையின்மேல் மீண்டும் எதை அச்சிட்டாலும் (ஓவர்பிரிண்ட்) அதைக் குறிக்க ‘மேலச்சு’ என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் 1920இல் ஜெர்மனியின் ஒரு மாநிலமான பவேரியாவின் தலைகளின்மேல் ‘டாய்ச்செஸ் ரைஷ்’ (ஜெர்மானிய நாடு) என்று பொறித்ததும் மேலச்சுதான். அங்கே நாட்டின் பெயர் மாறியதே ஒழிய மதிப்பு மாறவில்லை. ஆகவே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் அடைமொழி வேண்டும்.

நண்பர் ஒருவர் முன்மொழிந்த ‘விலையேற்ற அச்சு’ காதுக்கு இனிமையாக இருந்தாலும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மதிப்பைக் குறைக்கவும் இவ்வகை அச்சு பயன்படலாம். அதைவிட முக்கியமாக, 1923 நவம்பர் 26 முதல் மாத முடிவு வரை ஜெர்மானிய அஞ்சலகங்கள் தலைகளை அவற்றில் அச்சிட்டிருந்த மதிப்பைப்போல் நான்கு மடங்குக்கு விற்றன; உள்நாட்டு வெளியூர்க் கடிதத்துக்கு 8,000 கோடி மார்க் கட்டணமாக இருந்த அந்நாட்களில், 2,000 கோடி மார்க் தலை ஒன்றை ஒட்டினாலே போதுமானதாக இருந்தது. அங்கே விலை ஏறியது, ஆனால் தாளில் ஒரு துளி மைகூடப் புதிதாக விழவில்லை. நமது சொல் மையைக் குறிக்க வேண்டும், விலைவாசியை அன்று.

எனவே ‘மதிப்பு மேலச்சு’ என்று முன்வைக்கிறேன். சேகரிப்போர் ‘மதிப்பு’ என்றாலே சந்தை மதிப்பை நினைத்துக்கொள்வார்கள் என்ற மறுப்பு எழலாம், அது நியாயமானதும்கூட. கட்டுரையில் முதன்முறை ‘முகமதிப்பு மேலச்சு’ (முகமதிப்பு என்பது தலையிலேயே பொறித்திருக்கும் மதிப்பு) என்று எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். ‘தலைகீழ் மதிப்பு மேலச்சு’, ‘இரட்டை மதிப்பு மேலச்சு’, ‘மதிப்பு மேலச்சிட்ட தலை’ என்றெல்லாம் தடையின்றி விரிவதும் இதற்கு வலுச் சேர்க்கிறது. நவம்பர் இறுதி வழக்கத்துக்கு ‘நான்மடங்கு விற்பனை’ என்ற வெளிப்படையான தொடரே போதும் என்பது என் கருத்து.