சூளைப் புகைக்கூண்டுக்கு சிமெண்ட்டா, களிமண்ணா? எங்கள் அனுபவம்

பானை சுடும் சூளையின் புகைக்கூண்டைக் கட்ட சிமெண்ட் கலவை போடலாமா என்று தம்பி கேட்டிருந்தார். நாங்கள் போட்டோம். ஒரு பொங்கல் வியாபாரமே போய்விட்டது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்து பத்தாங் பெர்ஜுந்தை, இப்போது பெஸ்தாரி ஜெயா. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டே பானையும் வனைந்தவர். திறந்த சூளையை விட்டுவிட்டு, தீ மேலே ஏறிக் கீழே இறங்கிக் கூண்டு வழியாக வெளியேறும் சூளை கட்டினோம். உயரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: தீ இறங்கும் அடி ஒன்றுக்கு 3 அடி, படுக்கையாக ஓடும் 3 அடிக்கு 1 அடி. எங்களுக்கு 4 அடி இறக்கம், 3 அடி படுக்கை. ஆக 13 அடி.

கட்டிய கொத்தனார் ஐயா தோட்டத்துப் புகைவீடுகளில் வேலை பார்த்தவர். தூக்குக்குண்டு நூல் பிசகாத கை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சிமெண்ட்டே போட்டார். ஆனால் ரப்பர் ஷீட் காயும் புகைவீட்டில் சூடு 60 டிகிரியைச் சுற்றித்தான். அங்கே சிமெண்ட் பல காலம் நிற்கும். சூளைக்கூண்டின் அடியில் அப்படியில்லை. 400, 500 டிகிரியில் சிமெண்ட்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் நீரே பிரிந்து போய்விடுகிறது. ஆறியதும் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, பொரிந்து உதிர்கிறது.

மூன்றாவது முறை சுட்டபோது சூளையின் சூடு 680 டிகிரியோடு நின்றுவிட்டது. ரப்பர் கட்டையை அள்ளி அள்ளிப் போட்டும் அடுப்பு வாயில் புகை திரும்பியதுதான் மிச்சம். பானையைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கவில்லை, ‘டொப்’ என்றது. உடைத்தால் நடுவே கருப்பு. பொங்கலுக்கு இரண்டே வாரம்.

கூண்டிலிருந்து புகை கசியவில்லையே, பிறகு எங்கே கோளாறு என்று குழம்பினோம். மறுநாள் சின்னதாகத் தீ மூட்டியபோது அம்மா சாமி மாடத்து ஊதுபத்தியை எடுத்துவந்து மூட்டு மூட்டாகக் காட்டினார். நெஞ்சு உயரத்தில் ஓரிடத்தில், நேராக ஏறிக்கொண்டிருந்த புகை நூல் சட்டென்று வளைந்து செங்கல்லுக்குள் போனது. கூண்டு புகையை மேலே இழுக்கும்போது விரிசல் புகையை வெளியே விடுவதில்லை, குளிர்காற்றை உள்ளே இழுக்கிறது. உள்ளே சூடு தணிந்தால் இழுவையும் செத்துவிடும். சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டோம், 17 இடம்.

அடியிலிருந்து பிரித்துக் கட்டினோம். தீக்களிமண், அதாவது கடும் சூடு தாங்கும் களிமண், ஒரு பங்கு. சுட்ட பானையை இடித்துச் சலித்த தூளும் சன்ன மணலும் சேர்ந்து இரண்டு பங்கு. தோசைமாவுப் பதத்தில் கரைத்து, நனைத்த தீச்செங்கல்லை அதில் தோய்த்து, தட்டி உட்காரவைக்க வேண்டும். மூட்டு மெல்லியதாக இருக்கட்டும், தடித்தால் காயும்போது வெடிக்கும். மேலே இரண்டு விரல்கடை பூச்சு: களிமண்ணோடு தஞ்சோங் காராங் வயல் வைக்கோலை நறுக்கிப் பிசைந்தோம். மூன்று நாள் சிறு தீயில் காய்ந்ததும் மயிரிழை விரிசல் விட்டது. அதில் களிக்கரைசலைத் துணியால் தேய்த்து அடைத்தோம். அடுத்த சூட்டில் 950 தொட்டது.

---

அண்ணா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தொல்லை மழையால் வந்தது. கூண்டு வாயை மூடி ஒரு தகரத் தொப்பி வைத்தோம், ரொம்பத் தாழ்வாக வைத்துவிட்டதால் இழுவை திணறியது. நாலு மூலையிலும் செங்கல் நிறுத்தி ஒரு சாண் இடைவெளி விட்டபிறகு சரியாகிவிட்டது. கூரைத் தகரம் கூண்டைத் தொடக்கூடாது, பக்கத்தில் மரச்சட்டமும் வேண்டாம். நவம்பர் மழையில் கூண்டு ஊறிவிட்டால் முதலில் அதன் அடியிலேயே பழைய பேப்பரைக் கொளுத்திச் சூடேற்றுவேன், அப்புறம்தான் சூளையில் தீ.

---

பேப்பர் யோசனை நல்லது, தங்கச்சி. நாங்கள் காய்ந்த தென்னம்பாளை போடுகிறோம். தம்பி, மேல் 5 அடிக்கு சாதாரணச் செங்கல் போதும், ஆனால் கலவை அங்கேயும் களிமண்தான்.