சூரியனை எடுக்கக் கூடாது: போட்டோகிராஃபி வகுப்பு அனுபவங்கள்

தக்கலை:

முதல் வகுப்பிலேயே சார் ஒரு தடை போட்டார். செமஸ்டர் முடியும் வரை சூரிய உதயம், அஸ்தமனம், வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, இந்த நான்கையும் யாரும் எடுத்து வரக் கூடாது. "எடுத்தா பூஜ்யம்தான். அதையெல்லாம் ஊர் உலகமே எடுத்தாச்சு." கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்துவிட்டு, கையில் கேமராவும் கிடைத்த பிறகு, வேறு என்னத்தை எடுப்பது? பின்வரிசையில் ஒருவன், "அப்போ கண்ணாடிப் பாலம் எடுக்கலாமா சார்?" என்று கேட்டான். 2024 டிசம்பரில்தான் அதைத் திறந்திருந்தார்கள். பட்டியலில் ஐந்தாவதாக அதுவும் சேர்ந்தது. அவனை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறேன். துறையில் நான்கு கேமரா, நாங்கள் 23 பேர். முறை வைத்து எடுத்துப் போக வேண்டும். எனக்கு வாய்ப்பது எப்போதும் மூடி தொலைந்துபோன ஒரு பழைய கேனன், அதில் 18-55 லென்ஸ். கேமரா வாங்கினால் கூடவே வருமே, அந்த லென்ஸ். 18-ல் காட்சி அகலமாகத் தெரியும், 55-க்கு இழுத்தால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். அதைப் பற்றி வகுப்பில் யாரும் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் என்னை வழிக்குக் கொண்டுவந்தது அதுதான்.

முதல் அசைன்மெண்ட் 'வேலை செய்யும் கைகள்'. முகம் வரக் கூடாது. நான் தோவாளைப் பூச்சந்தைக்குப் போவதென்று முடிவு செய்தேன். அப்பா திட்டிக்கொண்டே மூன்றரை மணிக்கு பைக்கை எடுத்தார். போய்ச் சேரும்போது சந்தை களைகட்டியிருந்தது. பிச்சி, மல்லி, சம்பங்கி, அரளி, கேந்தி என்று மூட்டை மூட்டையாக இறங்குகிறது, ஏலச் சத்தம் ஒரு பக்கம், கேரளாவுக்குப் போகும் வண்டிகள் ஒரு பக்கம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, லென்ஸை 55 வரை இழுத்து வைத்து, யாருக்கும் தெரியாமல் 140 படம் எடுத்தேன்.

வகுப்பில் பெரிய திரையில் போட்டபோது ஒன்றுகூட தேறவில்லை. எல்லாம் கலங்கல். சார் திட்டவில்லை, கணக்குச் சொன்னார். இந்த லென்ஸ் 18-ல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு இழுத்தால் 5.6-க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறைய திறப்பு பெரிது). உள்ளே வரும் வெளிச்சத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். அதோடு, இழுத்து வைத்தால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். 18-ல் ஷட்டரை 1/30 நொடிக்கு வைத்தாலும் கையிலேயே பிடித்துச் சமாளிக்கலாம், 55-ல் அதே 1/30 வைத்தால் என் 140 படங்களின் கதிதான். "இருட்டில ஒளிஞ்சு நின்னு எடுக்கணும்னா விலை கூடின லென்ஸ் வேணும். உன் லென்ஸுக்கு ஒரே வழிதான் இருக்கு, பக்கத்தில போ."

பக்கத்தில் போனால் பேச வேண்டும். எனக்கு வராததே அதுதான். பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே இரண்டு ஸ்டாப் யோசிக்கிறவள் நான்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். ஓரத்தில் உட்கார்ந்து வாழைநாரில் பிச்சி கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் பக்கத்தில் போய் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அவர் கையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார். "போன வாரம் தூணுக்குப் பின்னால பதுங்கி நின்ன பிள்ளதானே? களவாணியோன்னு நெனச்சோம்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! நான்தான் மறைந்து நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சி வேண்டாம் மக்ளே, எண்ணெ வடியுது. கைய வேணும்னா எடு" என்றார். அசைன்மெண்ட்டும் அதுதானே. இரண்டடி தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, 18-ல் வைத்து எடுத்தேன். 1/60-ல் விரல்கள் கலங்கி, கட்டி முடித்த சரம் மட்டும் தெளிவாக வந்தது. முதல் தடவை கலங்கலைப் பார்த்துக் கவலைப்பட்ட எனக்கு இந்தக் கலங்கல் பிடித்துப்போனது. கிளம்பும்போது அக்கா கேட்டார்: "படத்த கொண்டு தருவியா? எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க, ஒருத்தரும் கொண்டு தந்ததில்ல." தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்திலும் ஒரு கோளாறு. வெள்ளைப் பிச்சிக் குவியல் துவைக்காத வேட்டி நிறத்தில் இருந்தது. கேமராவின் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு எதுவும் தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அதற்கேற்ப வெளிச்சத்தை வைக்கும். வெள்ளையை வெள்ளையாக வாங்க நாம் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டேன், ஆனால் மண்டையில் ஏறியது பத்மநாபபுரம் அரண்மனையில்தான்.

அது 'கறுப்பு' என்ற அசைன்மெண்ட். அரண்மனை எங்கள் வீட்டுக்குப் பக்கம். அந்தப் பெருமையில் தோழிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன், திங்கட்கிழமையாகப் பார்த்து. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மறுநாள் கேமராவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று வழிகாட்டிகள் சொல்லும் அந்தக் கறுப்புத் தரையில் சன்னல் வெளிச்சம் தண்ணீர் மாதிரி கிடந்தது. எடுத்துப் பார்த்தால் தரை சாம்பல், சன்னல் வெளிறிப் போயிருக்கிறது. தோவாளையில் நடந்ததைத் திருப்பிப் போட்ட கதை. ஒன்றரை ஸ்டாப் குறைத்தேன். தரை கறுத்தது, சன்னலும் சன்னலாக வந்தது. மந்திரசாலையில் நிற மைக்கா வழியாக வரும் வெளிச்சத்துக்கு மட்டும் கேமராவே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ வெள்ளைச் சமன் உதவவில்லை, அது நிறத்தைத் துடைத்து எடுத்துவிடுகிறது. பகல் வெளிச்சம் என்று நாமே வைத்துவிட வேண்டும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். சொதப்பல் என்றால் இன்னும் நல்லது.

மார்த்தாண்டம்:

சொதப்பலா? கேட்டுக்கோ தங்கச்சி. 1994-ல் நான் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடி. ஆசான் மாதத்துக்கு ஒரு ரோல் தருவார், 36 படம். அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனேன். 115 அடி உயரத்தில், கால் கூச, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே பறளியாற்றையும், பாறையில் துணி துவைத்தவர்களையும் பார்த்துப் பார்த்து 36-ம் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் யோசனை. கழுவிப் பார்த்தால் ரோல் வெறும் ரோல். பிலிம் நுனி ஸ்பூலில் மாட்டவே இல்லை. எண்ணிக்கை முள் மட்டும் அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது.

ஆசான் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். லீவரைத் தள்ளும்போது இடது பக்கம் உள்ள சுற்றும் குமிழ் கூடவே திரும்புகிறதா என்று பார். திரும்பினால் பிலிம் நகர்கிறது. இப்போது என்னிடம் டிஜிட்டல்தான். ஆனாலும் ஒரு படம் எடுத்ததும் கண் இடது பக்கம் போய்த்தான் திரும்பும். அங்கே ஒன்றுமில்லை.

தூத்தூர் பக்கம்:

'பக்கத்தில் போ' என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது என்று நினைக்கிறேன். நானும் இதே படிப்புதான், வேறு கல்லூரி, கடைசி வருடம். எங்களுக்கு 'உணர்வு' என்று ஒரு அசைன்மெண்ட் வந்தது. கூடப் படிக்கிறவர்கள் நேராக என்னிடம் வந்தார்கள்: உங்க ஊருக்கு வரலாமா, ஒக்கி புயலில் ஆளை இழந்த குடும்பங்கள் இருக்குமே என்று.

2017 நவம்பர் 30-ம் தேதி நான் ஏழாம் வகுப்பு. எங்கள் கரையில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் வந்த கேமராக்கள் நினைவிருக்கின்றன. கடலைப் பார்த்து நின்ற ஒரு அம்மாவிடம், "இன்னொருக்கா அப்படியே திரும்பிப் பாருங்க" என்று ஒருவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவரும் ரொம்பப் பக்கத்தில்தான் நின்றார்.

நண்பர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஆழ்கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் தூண்டில் முள்களைத் துடைத்து வரிசையாக மாட்டிக்கொண்டிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். உணர்வு தெரியவில்லை என்று பத்துக்கு நான்கு மார்க் போட்டார்கள். எனக்கு அந்த நான்கு போதும்.

குலசேகரம்:

நமக்கு வாய்த்தது ரப்பர் தோட்டம். 'இரவு வெளிச்சம்' அசைன்மெண்ட். மாமா பால்வெட்டுக்காரர், நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்புவார், 300 மரம் வெட்ட வேண்டும். ஒரு மரத்தில் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. நான் ஃபோகஸ் பிடிப்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார். பின்னாலேயே ஓடி ஓடி, சரிவில் விழுந்து, கொசுக்கடி வாங்கி, கிடைத்ததெல்லாம் மாமாவின் முதுகு.

அப்புறம்தான் புத்தி வந்தது. நாலு மரம் தள்ளி முன்னாலேயே போய், பட்டையில் ஃபோகஸை வைத்துப் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். மாமா வந்தார், அவர் நெற்றி லைட்டே எனக்கும் லைட். கத்தி சாய்வாக இறங்குகிறது, பின்னாலேயே பால் வெள்ளைக் கோடாக வருகிறது. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 3200-ல் இருந்ததால் படம் கொஞ்சம் மணல் மணலாகத்தான் இருந்தது. பரவாயில்லை.

தக்கலை:

தூத்தூர் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எனக்கும் கடற்கரையில் ஒன்று நடந்தது, அது வேறு மாதிரி. 'அசைவு' அசைன்மெண்ட்டுக்கு முட்டம் பக்கம் போயிருந்தோம். கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலையை, இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1/1000, 1/250, 1/15 என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே இருந்தேன். வரிசையில் கடைசியாக நின்ற தாத்தா என்னைப் பார்த்து, "படம் புடிச்சது போதும் பிள்ளே, வந்து கயித்தப் புடி" என்றார். கேமராவைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் பிடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம், மீன் கொஞ்சம்தான் கிடைத்தது. ஆனால் அந்த வரிசைக்குள் நின்றபோதுதான், முன்னால் இருப்பவரின் குதிகால் மணலில் எவ்வளவு ஆழம் புதைகிறது என்று பார்த்தேன். கேட்டுவிட்டு மறுபடி கேமராவை வாங்கி அந்தக் கால்களை எடுத்தேன். முந்தின எண்பது படத்தையும் அழித்துவிட்டேன்.

செமஸ்டர் கடைசியில் சூரியன் மேலிருந்த தடை நீங்கியது, ஒரு நிபந்தனையோடு: சூரியனுக்கு முதுகு காட்டி நின்று எடுக்க வேண்டும். முக்கடல் கரையில் கிழக்கே பார்த்து நிற்கும் கூட்டத்தின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழும், அதைப் பிடிக்கலாம் என்று ஆசையாகப் போனேன். எல்லோர் முகத்தையும் போன் மறைத்துக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக் கொடுத்தேன். பத்துக்கு ஏழு.

தோவாளை அக்காவின் படத்தைப் பிரிண்ட் போட மூன்று மாதம் ஆகிவிட்டது. வேறு காரணம் ஒன்றுமில்லை, சோம்பல். போன வாரம்தான் கொண்டு போனேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கினார், பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"கை சரி. மூஞ்சி எங்க?"

"நீங்கதானே அக்கா வேண்டாம்னு சொன்னீங்க?"

"அன்னைக்கு எண்ணெ வடிஞ்சுது, சொன்னேன்" என்றார். கட்டிக்கொண்டிருந்த சரத்தை என் மடியில் வைத்தார். "இரி, மூஞ்சி கழுவிட்டு வாறேன்."