குழந்தைப் படத்துக்கு ஓகே சொல்வது ஆயாதான்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஸ்டுடியோக்காரர்களின் அனுபவங்கள்

தர்மபுரி, நான்கு ரோடு பக்கம்

கல்யாண ஆர்டரெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். குழந்தைப் படம், குடும்பப் படம் என் பொறுப்பு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அப்போது கடை வாடகை என் பக்கத்து வேலையில்தான் வருகிறது. இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. போனில் மாடல் காட்டுவது அம்மா, பணம் கொடுப்பது அப்பா. ஆனால் படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது ஆயா, அதாவது பாட்டி. அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் அந்த வீட்டின் அடுத்த குழந்தை வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும்.

நம் பக்கம் இது இன்னும் அதிகம். பாதி வீட்டில் அப்பா பெங்களூரில் இருக்கிறார். கட்டட வேலை, பேக்கரி, கம்பெனி என்று ஏதோ ஒன்று. சில வீட்டில் அம்மாவும் கூடவே போயிருப்பார். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும், எதைப் பார்த்தால் சிரிக்கும், எப்போது பசிக்கும் என்பதெல்லாம் ஆயாவுக்குத்தான் தெரியும். அதனால் நான் அப்பாயின்ட்மென்ட் நேரத்தையே ஆயாவிடம் கேட்டுத்தான் போடுகிறேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஆடிப்பெருக்குக்கு லீவு போட்டு அப்பா வந்திருந்தார், அன்று ராத்திரியே திரும்ப வேண்டும். முதல் பிறந்தநாள் முடிந்து சில வாரம் ஆகியிருந்தும் அவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். குழந்தை அவரிடம் போகவே இல்லை. தாடி வேறு வைத்திருந்தார். மடியில் உட்கார வைத்தால் வில்லாக வளைந்து ஆயா பக்கம் சாய்கிறது, அலறுகிறது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. சரி என்று ஆயாவைப் பிரேமுக்குக் கீழே தரையில் உட்காரச் சொன்னேன். அவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார், கேமராவில் முழங்காலுக்கு மேலேதான் தெரியும். அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது. நல்ல படங்கள் கிடைத்தன.

அப்புறம் செலக்‌ஷன். அப்பாவும் அம்மாவும் சிரிக்கிற படத்தைத் தொட்டார்கள். ஆயா வேறு ஒன்றைக் காட்டினார். அதில் குழந்தை சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி, புருவத்தைச் சுருக்கி, "யார் நீ?" என்கிற மாதிரி அப்பாவைப் பார்க்கிறது. "சிரிக்கிறத நான் தினமும் பாக்கறேன். அப்பன் மொகத்த பாத்தது இதுலதான் இருக்கு. இதையே பெருசாப் போடு" என்றார். அதைத்தான் பெரிய பிரேமாகப் போட்டார்கள்.

இன்னொரு விஷயம், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு. வெளியே ஆல்பம் டிசைனுக்கு அனுப்பினோம், அங்கே ஒரு பையன் மச்சம் துடைக்கிற மாதிரி எல்லாப் படத்திலும் பொட்டைத் துடைத்துவிட்டான். முகம் வெண்ணெய் மாதிரி வந்திருந்தது, அம்மாவுக்குச் சந்தோஷம். ஆயா ஆல்பத்தைத் தொடக்கூட மறுத்துவிட்டார். "பொட்டில்லாத கொழந்தய ஊரெல்லாம் பாக்கவா?" இப்போதெல்லாம் ஃபோல்டருக்கே "பொட்டு இருக்கட்டும்" என்று பெயர் வைத்துத்தான் அனுப்புகிறேன்.

உங்கள் கடைக்கு வந்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஓசூர்

அக்கா, எங்கள் பக்கம் ஆயா மட்டும் இல்லை, தெலுங்குப் பாட்டி அவ்வாவும் கன்னடப் பாட்டி அஜ்ஜியும் உண்டு. ஒரே நாளில் மூன்று மொழியில் குழந்தையைக் கூப்பிட வேண்டியிருக்கும். தெலுங்கு வீட்டுக் குழந்தையைத் தமிழில் எவ்வளவு கொஞ்சினாலும் அது சுவரைப் பார்க்கும். "இக்கட சூடு" (இங்கே பார்) என்றால் டக்கென்று திரும்பும். உதவிக்கு ஆள் எடுக்கும்போது போட்டோஷாப் தெரியுமா என்று அப்புறம்தான் கேட்கிறேன், முதல் கேள்வி கன்னடம் வருமா என்பது.

இங்கே ஐ.டி. கம்பெனிக்காரர்கள் நிறைய. பிறந்த குழந்தை இரண்டு கையில் தாடையை ஊன்றித் தூங்குகிற படத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, "இதே மாதிரி வேணும்" என்று ஒரு ஜோடி வந்தது. குழந்தைக்கு நான்கு மாதம். கூட வந்த அவ்வாவுக்குப் படத்தைப் பார்த்ததுமே கோபம். "தலை நிக்காத பிள்ளைய இப்படி உக்கார வெச்சானே, அவன் மனுசனா?"

அவரை உட்கார வைத்து விளக்கினேன். அது ஒரே படம் இல்லை, இரண்டு படம். ஒன்றில் உதவியாளர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து இரண்டையும் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்த்து, பிடித்த கையை அழித்துவிடுவார்கள். குழந்தையை ஒரு நொடிகூடத் தனியாக விடுவதில்லை. அதுவும் பிறந்து முதல் இரண்டு வாரத்தில்தான் அப்படிச் சுருண்டு, ஆழ்ந்து தூங்கும். நம் வீடுகளில் அந்த நாட்களில் தாயையும் பிள்ளையையும் வாசலைத் தாண்ட விடுவார்களா? ஆகவே வெளிநாட்டு மாடலை அப்படியே கேட்டால் ஸ்டுடியோவில் நடக்காது. வேண்டுமென்றால் நாம்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கையைக் கழுவி, ஃபேனை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

கடைசியில் அவ்வா மடியிலேயே குப்புறப் படுக்க வைத்து எடுத்தேன். நான்கு மாதக் குழந்தை அழகாகத் தலையைத் தூக்கும். புடவை மடிப்பு, சுருக்கம் விழுந்த இரண்டு கை, நடுவில் அந்த முகம். இன்ஸ்டாகிராமில் இருந்ததைவிட இது நல்ல படம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பாலக்கோடு

நான் சின்னக் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ், அதோடு குழந்தைப் படம். எங்கள் ஊரில் தக்காளி விலைதான் எல்லாம். மண்டியில் விலை ஏறினால் பிரேம் சைஸ் ஏறும், விழுந்தால் மேக்ஸி சைஸ் சின்னப் பிரிண்டோடு நின்றுவிடும்.

கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதுபோல் கஷ்டமான வேலை இல்லை. பின்னால் வெள்ளை இருக்கணும், கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், பிடித்திருக்கிற கை தெரியக் கூடாது. நான் வெள்ளை வேட்டியை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்து, ஸ்டூலில் ஏறி மேலிருந்து எடுக்கிறேன். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டாமல் ஏறவே மாட்டேன். ஃப்ளாஷை நேராக அடித்தால் ஆயாக்கள் விட மாட்டார்கள், "கண்ணு போயிடும்" என்பார்கள். சீலிங்கில் அடித்துத் திருப்பிவிட்டால் நிழலும் விழாது, ஆயாவும் சும்மா இருப்பார். காலைக் குளியலுக்கு அப்புறம் கூட்டி வராதீர்கள் என்று போர்டே வைத்திருக்கிறேன். சாம்பிராணிப் புகை காட்டிய குழந்தை கண்ணைத் திறக்கவா போகிறது?

கிருஷ்ணகிரி

இங்கே எல்லாரும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறீர்கள். என்னிடம் வந்த ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பேர் எல்லாம் வேண்டாம்.

கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் படம் எடுத்தேன். ஆர்டர் கொடுத்ததும் பணம் கட்டியதும் அம்மா. அப்பா வரவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு வயதான அம்மா கடைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஷோகேஸ் பக்கமே நின்றுகொண்டிருந்தார். "என் பேரன் படம் இங்க எடுத்தாங்களாம். ஒண்ணு குடுப்பா, காசு தரேன்" என்றார். அப்பாவைப் பெற்றவர். புருஷன் பெண்டாட்டி பிரிந்து, கேஸ் நடக்கிறது என்று அவரே சொன்னார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஐந்தாறு நூறு ரூபாய் நோட்டு எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

ஃபைல் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பிரிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் கொடுக்க முடியாது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், அவர்தான் முதல் உரிமையாளர். எடுத்த நாம் இல்லை. இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்காமலே ஷோகேஸில் மாட்டுகிறோம், பேனர் அடிக்கிறோம், இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். சட்டம் இருக்கட்டும், அந்தப் பெண் எதற்காகப் பயந்து விலகியிருக்கிறாள் என்று நமக்கு என்ன தெரியும்? ஒரு பிரிண்ட்தானே என்று கொடுத்துவிட்டால், பூங்கா எது, எப்போது வருவாள் என்பதெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

பணத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்து, "நாளைக்கு வாங்கம்மா" என்றேன். அவர் போன பிறகு குழந்தையின் அம்மாவுக்குப் போன் செய்து இருந்ததை இருந்தபடி சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவங்க எங்கிட்ட ஒரு கொறையும் வெக்கல சார். பையன் தனியா இருக்கறது ஒண்ணு மட்டும் குடுங்க. நான் இருக்கறது வேணாம், எடம் தெரியறது வேணாம்" என்றார். செவ்வந்திச் செடி பக்கத்தில் எடுத்த ஒரு படத்தில் பின்னணியை மங்கலாக்கி, எட்டுக்குப் பத்து சைஸில் போட்டுக் கொடுத்தேன். ஆயா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இளைச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். குழந்தை இளைத்தெல்லாம் இல்லை, நன்றாகத்தான் இருந்தான்.

அதிலிருந்து பில்லிலேயே இரண்டு வரி அச்சடித்திருக்கிறேன். படத்தை ஷோகேஸிலும் நெட்டிலும் போடச் சம்மதமா, யார் கேட்டால் காப்பி தரலாம், அவ்வளவுதான். கையெழுத்து வாங்கும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அரூர்

நான் ஃபிலிம் காலத்து ஆள். 120 ரோலில் சதுரப் படம் பன்னிரண்டுதான். குழந்தை கண்ணை மூடினால் ஒன்று போச்சு. நெகட்டிவில் பென்சில் டச்சிங் செய்து கண் கெட்டதுதான் மிச்சம். இன்றைக்கு ஒரு குழந்தைக்கு முந்நூறு, நானூறு தட்டுகிறார்கள், அப்புறம் செலக்‌ஷனுக்கு ஒரு மாதம். எனக்கு அது ஒப்பாது, ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை.

குடும்பப் படத்தில் இல்லாதவரைச் சேர்ப்பது அப்போதும் உண்டு. கத்தரித்து ஒட்டி, அதைத் திரும்பப் படம் எடுப்போம். இப்போது போட்டோஷாப். ஆனால் ஒட்டியது ஏன் ஒட்டியதாகவே தெரிகிறது என்று பல பேருக்குப் புரிவதில்லை. காரணம் வெளிச்சம். இறந்தவரின் படம் பெரும்பாலும் ஏதோ ஒரு கார்டுக்கு எடுத்ததாக இருக்கும், நேர் முகத்தில் தட்டையாக வெளிச்சம் விழுந்திருக்கும். நீங்கள் குடும்பத்தைப் பக்கவாட்டு லைட் போட்டு அழகாக எடுத்துவிட்டு அவரைக் கொண்டுபோய் நடுவில் வைத்தால், சுவரில் தொங்குகிற காலண்டர் மாதிரிதான் இருப்பார். சேர்க்க வேண்டிய ஆள் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உண்டென்றால் அவருக்கு இடம் விட்டு நிற்க வையுங்கள், லைட்டை முன்னால் கொண்டு வாருங்கள், கேமராவைக் கண் மட்டத்தில் வையுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா, கொள்ளுப் பேத்திக்குக் காது குத்தி முடித்துக் குடும்பத்தோடு வந்தார். வீட்டுக்காரர் காலமாகி ரொம்ப வருஷம். கொண்டு வந்த படத்தில் அவருக்கு நாற்பதுகூட இருக்காது, கறுகறுவென்று மீசை. மகனோ அறுபதைத் தொட்டவர், மொட்டைத் தலை. அப்பாவைவிட மகன் பெரியவராகத் தெரிவார், அதனால் அப்பாவுக்கு நரை போட்டு வயதைக் கூட்டலாமா என்று மகன் கேட்டார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "அவர ஏன் கெழவனாக்கணும்? என்ன வேணா கொஞ்சம் கொறச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு, தலையைத் தடவிக்கொண்டார்.

தர்மபுரி, நான்கு ரோடு பக்கம்

கிருஷ்ணகிரி அண்ணே, அந்த இரண்டு வரியை நானும் பில்லில் சேர்க்கிறேன். இங்கே ஒரு அம்மா ஷோகேஸில் இருந்த பேத்தி படத்தை இறக்கச் சொல்லிச் சண்டைக்கே வந்துவிட்டார். போகிற வருகிற கண்ணெல்லாம் பட்டுப் பேத்திக்குக் காய்ச்சலாம். அதே வாரத்தில் இன்னொரு அம்மா, "எங்க பிள்ள படத்த ஏன் வெக்கல, கறுப்பா இருக்கான்னா?" என்று கேட்டார். கையெழுத்து வாங்கி வைத்தால் இரண்டுக்கும் பதில் இருக்கும்.

அரூர் ஐயா, கடைசியில் அந்த ஆயாவுக்கு வயதைக் குறைத்தீர்களா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

அரூர்

குறைக்காமல் விடுவாரா? தலையைக் கறுப்பாக்கி, கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பினேன். மகனுக்குப் பிடிக்கவே இல்லை, "இது எங்கம்மா மாதிரி இல்ல" என்றார். சரி என்று நரையோடு ஒன்று, நரையில்லாமல் ஒன்று, இரண்டு பிரிண்ட் போட்டேன். மகன் ஒன்றுக்குத்தான் பணம் கொடுத்தார். மற்றதற்கு ஆயா மறுவாரம் தானே பஸ் ஏறி வந்து, பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டு போனார்.